வெயில் பட்ட ஸ்ட்ரிப் சரியாகச் சொல்லாது: வீட்டு மருத்துவக் கருவிகளை வெப்பத்திலிருந்து காப்பது எப்படி?

என் மாமா கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறார். இனிப்புநீர் வந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. மருந்தைத் தவறவிடாதவர். தினமும் காலையில் லோரியை எடுப்பதற்கு முன் விரலைக் குத்தி, சீனி பார்த்து, ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பார். 6.8, 7.2, 6.5 என்று அந்தப் புத்தகம் முழுக்க நல்ல எண்களாகவே இருந்தன. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி.

சில மாதங்களுக்கு முன் வழக்கமான பரிசோதனைக்காகக் கிளினிக் போனார். கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி இரத்தப் பரிசோதனை முடிவு 10.4 விழுக்காடு என்று வந்தது. அந்த எண்ணுக்கு, இரத்தத்தில் சராசரியாக 14 அளவுக்குச் சீனி ஓடியிருக்க வேண்டும். நோட்டுப் புத்தகமோ 7 என்கிறது. டாக்டர் முதலில் மாமாவைத்தான் சந்தேகப்பட்டார். எண்களை வீட்டில் உட்கார்ந்து கற்பனையாக எழுதினாரோ என்று.

அங்கிருந்த மிஸ்ஸி ஒருவர் வேறு கேள்வி கேட்டார். "அங்கிள், இந்த ஸ்ட்ரிப்பையெல்லாம் எங்க வைக்கிறீங்க?"

"லோரியிலதாம்மா. டேஷ்போர்ட்ல ஒரு டப்பா இருக்கு, அதுலதான் மெஷினும் ஸ்ட்ரிப்பும்."

மிஸ்ஸி அங்கேயே சோதித்துக் காட்டினார். மாமாவின் கருவியில் மாமாவின் ஸ்ட்ரிப்பைப் போட்டபோது 7.9. கிளினிக் கருவியில் 12.6. பிறகு மாமாவின் கருவியிலேயே சரியாக வைக்கப்பட்ட புது ஸ்ட்ரிப்பைப் போட்டார்கள். 12.1 வந்தது. கருவியில் பழுது இல்லை. லோரிக்குள் மாதக்கணக்கில் வெந்துகொண்டிருந்த ஸ்ட்ரிப்தான் கெட்டுப் போயிருந்தது.

மாமா வீட்டுக்கு வந்து அந்த நோட்டுப் புத்தகத்தை மேசைமேல் போட்டு, "மூணு மாசமா பொய்யையா எழுதிக்கிட்டு இருந்தேன்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை.

*நம் வீடுகளில் இது ஏன் பெரிய விஷயம்?*

சுகாதார அமைச்சு 2019இல் நடத்திய தேசிய சுகாதார, நோய்ப்பரவல் ஆய்வின்படி, 18 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவர். அதே ஆய்வில் பெரியவர்களில் 30 விழுக்காட்டினருக்கு இரத்தக் கொதிப்பு இருந்தது.

அதனால்தான் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடாக இருந்தாலும், காப்பார் பக்கத்துத் தோட்டத்து லைன் வீடாக இருந்தாலும், ஒரு சீனி பார்க்கும் கருவியோ பிரஷர் பார்க்கும் கருவியோ இல்லாத வீடு இன்று குறைவு. பிள்ளைகள் வாங்கிக் கொடுக்கிறார்கள். அம்மா அப்பா பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதை எங்கே வைப்பது, எவ்வளவு வெப்பம் தாங்கும் என்பதைப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் ஆங்கிலத்திலும் மலாயிலும் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். அதை யாரும் படிப்பதில்லை. பாட்டியால் படிக்கவும் முடியாது.

*30 டிகிரி என்ற எல்லை*

வீட்டில் இருக்கும் ஸ்ட்ரிப் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். வெப்பமானி போன்ற ஒரு சிறு படமும் அதன் இரு பக்கத்தில் இரண்டு எண்களும் இருக்கும். இந்த அளவுக்குக் கீழேயும் போகக் கூடாது, இந்த அளவுக்கு மேலேயும் போகக் கூடாது என்று பொருள். பெரும்பாலான ஸ்ட்ரிப்புகளில் மேல் எல்லை 30 டிகிரி செல்சியஸ்.

கருவியின் எல்லை வேறு. சீனி பார்க்கும் கருவிகள் பொதுவாக 40 அல்லது 45 டிகிரி வரை வேலை செய்யும். பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். கருவி தாங்கும் வெப்பத்தை ஸ்ட்ரிப் தாங்காது.

இங்கேதான் நம் நாட்டுக்கே உரிய சிக்கல் இருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் சாதாரண நாளிலேயே பிற்பகல் வெப்பம் 32, 33 டிகிரியைத் தொடுகிறது. குளிர்நாட்டில் இருப்பவருக்கு 30 டிகிரி என்பது கோடையில் சில நாள் வரும் விஷயம். நமக்கு அது மத்தியானச் சாப்பாட்டு நேரம். வெயில் கூடும் நாட்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஓரிடத்தில் தொடர்ந்து மூன்று நாள் அதிகபட்ச வெப்பம் 35 முதல் 37 டிகிரி வரை இருந்தால் மலேசிய வானிலை ஆய்வுத் துறை முதல் நிலை எச்சரிக்கை விடுக்கும். 37 முதல் 40 டிகிரி வரை தொடர்ந்தால் அது வெப்ப அலை. நாட்டில் பதிவான உச்ச வெப்பம் 1998 ஏப்ரல் 9ஆம் நாள் பெர்லிஸ், சுப்பிங்கில் பதிவான 40.1 டிகிரி.

இந்த எண்கள் எல்லாம் நிழலில், காற்றோட்டமான இடத்தில் அளக்கப்படுபவை. மூடிய காரும் தகரக் கூரைக்கு அடியில் இருக்கும் அலமாரியும் வேறு கணக்கு.

*ஸ்ட்ரிப்புக்குள் என்ன இருக்கிறது?*

பார்ப்பதற்கு அது ஒரு பிளாஸ்டிக் துண்டு. ஆனால் அதன் நுனியில் என்சைம் எனப்படும் நொதி காய்ந்த நிலையில் பூசப்பட்டிருக்கிறது. விரலில் குத்தி எடுக்கும் இரத்தத் துளி அதில் பட்டதும், இரத்தத்தில் உள்ள சீனியோடு அந்த நொதி வினை புரிகிறது. அதிலிருந்து மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கிறது. சீனி அதிகம் என்றால் மின்னோட்டமும் அதிகம். கருவி அந்த மின்னோட்டத்தை அளந்து எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. அதாவது உண்மையான அளவுகோல் ஸ்ட்ரிப்தான். கருவி அதைப் படித்துச் சொல்கிறது.

நொதி என்பது ஒரு வகைப் புரதம். வெந்த முட்டையைத் திரும்பப் பச்சை முட்டையாக்க முடியாது. அதுபோல வெப்பத்தில் குலைந்துபோன புரதமும் பழைய நிலைக்குத் திரும்பாது. காரில் ஒரு வாரம் வெந்த ஸ்ட்ரிப்பை எடுத்துவந்து ஏர்கோன் அறையில் ஒரு மாதம் வைத்தாலும் அது சரியாகாது.

இரண்டாவது எதிரி ஈரம். ஸ்ட்ரிப் டப்பாவின் உள்பக்கத்திலோ மூடியிலோ ஈரத்தை உறிஞ்சும் பொருள் வைத்திருப்பார்கள். அதனால்தான் அந்த மூடி 'டக்' என்று இறுக்கமாக மூடுகிறது. பொரித்த அப்பளத்தைத் திறந்து வைத்தால் சிறிது நேரத்தில் நமத்துப் போகிறது அல்லவா? நம் காற்றில் அவ்வளவு ஈரம். டப்பாவைத் திறந்தே வைப்பது, நாலைந்து ஸ்ட்ரிப்பை எடுத்து பிளாஸ்டிக் பையில் போட்டுக் கைப்பையில் வைப்பது, பழைய டப்பாவில் புது ஸ்ட்ரிப்பைக் கொட்டி வைப்பது, இவை எல்லாமே அதைக் கெடுக்கும்.

கெட்டுப்போன ஸ்ட்ரிப் எப்போதும் குறைத்துத்தான் காட்டும் என்று நினைக்க வேண்டாம். சில சமயம் கூட்டியும் காட்டும். எந்தப் பக்கம் தவறும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. அதனால் 'எப்போதும் ரெண்டு குறைச்சுக் காட்டும், நாம கூட்டிக்கலாம்' என்ற வீட்டுக் கணக்கு உதவாது.

*கருவிக்குத் தெரியாத ஒன்று*

"ரொம்பச் சூடா இருந்தா மெஷினே எரர் காட்டுமே" என்று பலர் சொல்கிறார்கள். உண்மைதான். பெரும்பாலான கருவிகளுக்குள் வெப்பத்தை உணரும் சிறு பகுதி இருக்கிறது. வினையின் வேகம் வெப்பத்தைப் பொறுத்து மாறும் என்பதால், கருவி அப்போதைய வெப்பத்தைப் பார்த்துக் கணக்கைத் திருத்திக்கொள்ளும். வெப்பம் எல்லை மீறியிருந்தால் எண்ணைக் காட்டாமல் எச்சரிக்கையைக் காட்டும்.

ஆனால் கருவி அறிவது அந்த நிமிடத்து வெப்பத்தை மட்டுமே. நேற்று மத்தியானம் மூன்று மணி நேரம் காருக்குள் ஸ்ட்ரிப் பட்ட பாடு அதற்குத் தெரியாது. காலை ஆறு மணிக்கு, குளிர்ந்த நேரத்தில், மாமா சோதித்துப் பார்த்தபோது கருவி எந்த எச்சரிக்கையும் தரவில்லை. எல்லாம் சரியாக இருப்பதுபோல் 6.8 என்று காட்டியது. எரர் வந்திருந்தால் மாமா சந்தேகப்பட்டிருப்பார். நல்ல எண் வந்ததால்தான் ஏமாந்தார்.

புதுக் கருவி, புது ஸ்ட்ரிப் என்றாலும் கொஞ்சம் ஏற்ற இறக்கம் இருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2013ஆம் ஆண்டின் அனைத்துலகத் தர விதிப்படி, 5.55க்கு மேற்பட்ட அளவுகளில் நூற்றுக்கு 95 முடிவுகள் 15 விழுக்காட்டு வித்தியாசத்துக்குள் இருந்தால் போதும். உண்மை அளவு 10 என்றால் 8.5 வந்தாலும் 11.5 வந்தாலும் அது அனுமதிக்கப்பட்ட வித்தியாசமே. வெப்பத்தால் வரும் தவறு இதற்கு மேல் சேர்கிறது.

இன்சுலின் போடுபவர்களுக்கு இது இன்னும் ஆபத்து. உண்மையில் 3.6 ஆக இறங்கிய சீனியைக் கருவி 5.6 என்று காட்டினால், அவர் இன்சுலினைப் போட்டுக்கொண்டு வண்டியை எடுப்பார். பெடரல் நெடுஞ்சாலையில் சீனி இறங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

*கார், மோட்டார், தகரக் கூரை*

2018இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடும் கோடை நாட்களில் கார்களை நிறுத்தி வெப்பத்தை அளந்தார்கள். வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற காருக்குள் சராசரி வெப்பம் 47 டிகிரி. டேஷ்போர்ட் 69 டிகிரி. நிழலில் நிறுத்திய காரிலும் உள்ளே 38 டிகிரி, டேஷ்போர்டில் 48 டிகிரி. நம் வெயில் அரிசோனா வெயிலை விடச் சற்றுக் குறைவு என்று வைத்துக்கொண்டாலும், 30 டிகிரி எல்லையைத் தாண்டுவதற்கு நம் காருக்கு வெகு நேரம் தேவையில்லை.

இன்னொரு அமெரிக்க ஆய்வு 2005இல் வெளிவந்தது. ஒரு மணி நேரத்தில் ஏறும் வெப்பத்தில் 80 விழுக்காடு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடுகிறது என்று அது கண்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய பயன் இல்லை என்பதும் அதன் முடிவு. "கோயிலுக்குள்ள போயிட்டு உடனே வந்துடறேன்" என்று காரில் விட்டுப் போகும் அரை மணி நேரமே போதும்.

மோட்டார் சீட்டுக்கு அடியில் இருக்கும் இடமும் அப்படித்தான். மேலே வெயில், கீழே இயந்திரச் சூடு. உணவு விநியோகம் செய்யும் தம்பிமார் பலர் தங்கள் மருந்தையும் கருவியையும் அங்கேதான் வைக்கிறார்கள். உடம்போடு ஒட்டிய பையில் வைத்துக்கொள்வது அதைவிட மேல்.

வீட்டுக்கு வருவோம். தோட்டத்து லைன் வீடுகளிலும் பழைய தாமான் வீடுகளின் பின்கட்டிலும் தகரக் கூரையின் சூடு நேராகக் கீழே இறங்கும். சூடான காற்று மேலே நிற்பதால், 'பிள்ளைகள் கை எட்டாது' என்று உயரமான அலமாரியில் வைப்பது வெப்பத்தைப் பொறுத்தவரை மோசமான இடம். கீழ்த்தட்டில், பூட்டிய டப்பாவில் வைப்பதே நல்லது.

இணையத்தில் மலிவாக வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பொதி, வேனில் நாள் முழுக்கச் சுற்றி, கடைசியில் வாசல் கேட்டில் வெயிலில் தொங்கிக்கொண்டிருக்கும். நமக்கு வருவதற்கு முன்பே ஸ்ட்ரிப் கெட்டிருக்கலாம். ஸ்ட்ரிப், இன்சுலின் இரண்டையும் ஏர்கோன் உள்ள மருந்தகத்தில் நேரில் வாங்குவதே பாதுகாப்பு. கருவியை மட்டும் இணையத்தில் வாங்கினால் அவ்வளவு பயமில்லை.

*பிரஷர் பார்க்கும் கருவி*

இது ஸ்ட்ரிப் அளவுக்குச் சீக்கிரம் கெடாது. இதில் நொதி இல்லை. கையில் சுற்றும் பட்டையில் காற்றை ஏற்றி, இறக்கும்போது இரத்தக் குழாய் துடிப்பதால் உண்டாகும் சின்னச் சின்ன அதிர்வுகளை ஓர் அழுத்த உணரி பிடிக்கிறது. இவ்வகைக் கருவிகள் பொதுவாக 10 முதல் 40 டிகிரி வரை சரியாக இயங்கும்படி செய்யப்படுகின்றன. பயன்படுத்தாமல் வைத்திருக்கும்போது ஏறக்குறைய 60 டிகிரி வரை தாங்கும். காரின் டேஷ்போர்ட் அதையும் தாண்டக்கூடும்.

தொடர்ந்து சூட்டில் இருந்தால் மூன்று இடங்களில் கெடும். காற்றுப் பையும் ரப்பர் குழாயும் இறுகி, வெடித்து, காற்று கசியும். பேட்டரி கசிந்து உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பூக்கும். திரை கறுத்து எண் தெரியாமல் போகும். திரை குளிர்ந்ததும் சரியாகிவிடலாம். காற்றுக் கசிவு சரியாகாது. பட்டை ஏறுவதற்கு வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தாலோ, மறுபடி மறுபடி ஏறினாலோ குழாயைச் சோதிக்க வேண்டும்.

இன்னொரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வெயிலில் நம் உடம்பும் மாறுகிறது. இரத்தக் குழாய்கள் விரிகின்றன, வியர்வையில் நீர் போகிறது, அதனால் பிரஷர் உண்மையாகவே இறங்கலாம். வெளிவேலை முடித்து வந்தவருக்கு எண் குறைவாக வந்தால் அது கருவியின் தவறாக இல்லாமலும் இருக்கலாம். ஆகவே வெயிலிலிருந்து வந்த கையோடு பார்க்காமல், தண்ணீர் குடித்து, நிழலில் குறைந்தது ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து பிறகு பார்க்க வேண்டும். குறைந்த எண்ணைப் பார்த்து மாத்திரையை நாமே நிறுத்தக் கூடாது. எண் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மாறியிருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். தலைச்சுற்றல், மயக்கம் இருந்தால் அன்றே போக வேண்டும்.

*காய்ச்சல் கருவியும் விரல் கருவியும்*

கோவிட் காலத்தில் கடை வாசலிலும் கோயில் வாசலிலும் நெற்றிக்கு நேராகப் பிடித்த அந்தத் துப்பாக்கி போன்ற கருவியை மறந்திருக்க மாட்டோம். வெயிலில் நடந்து வந்தவருக்குக் கூடுதலாகக் காட்டும். ஏர்கோன் காரிலிருந்து இறங்கியவருக்குக் குறைவாகக் காட்டும். அது அளப்பது தோலின் மேற்பரப்பிலிருந்து வரும் வெப்பக் கதிரை. தோல் வெயிலில் சூடாகியிருந்தால் அந்தச் சூட்டைத்தான் அது சொல்லும். கருவியே வெயிலில் இருந்தாலும் கணக்கு தவறும். ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு எடுத்துச் சென்றால் ஏறக்குறைய அரை மணி நேரம் அந்த அறையில் வைத்துவிட்டுப் பயன்படுத்துவது நல்லது.

அக்குளில் வைக்கும் மின்னியல் வெப்பமானிக்கும் இதே கதைதான். காரில் கிடந்து 40 டிகிரிக்குச் சூடானதை எடுத்து உடனே குழந்தைக்கு வைத்தால், இல்லாத காய்ச்சலைக் காட்டலாம். விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவி ஒளியைக் கொண்டு அளப்பது. அதை நேர் வெயில் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் அளவு தடுமாறும். வீட்டுக்குள், கையை நிழலில் வைத்துப் பார்க்க வேண்டும்.

*வீட்டில் எங்கே வைப்பது?*

முதலில், வைக்கக் கூடாத இடங்கள்: குளிர்சாதனப் பெட்டியின் தலைமேல், தொலைக்காட்சிக்குப் பின்னால், விளக்கு எரியும் சாமி மேடையில், சமையல் அடுப்புக்கும் சோற்றுப் பானைக்கும் பக்கத்தில், மாலை வெயில் விழும் சன்னல் ஓரத்தில், குளியலறையில்.

நல்ல இடம், வீட்டின் நடு அறையில், வெயில் படாத சுவரோரம், அலமாரியின் கீழ்த்தட்டு. இரவில் ஏர்கோன் போடும் அறை இருந்தால் அதுவே சிறந்தது. பத்து வெள்ளி அளவில் கிடைக்கும் சாதாரண அறை வெப்பமானி ஒன்றை அந்தத் தட்டில் ஒரு நாள் வைத்து, பிற்பகல் மூன்று மணிக்குப் பாருங்கள். 30க்குள் இருந்தால் சரி. 32, 33 காட்டினால் வேறு இடம் தேடுங்கள்.

"ஐஸ் பெட்டியில வெச்சிட்டா என்ன?" என்பது அடிக்கடி வரும் கேள்வி. இன்சுலினுக்கு அதுதான் இடம். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில், உறைநிலைத் தட்டிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். திறந்து பயன்படுத்தும் இன்சுலினைப் பெரும்பாலான வகைகளில் 30 டிகிரிக்குள் ஏறக்குறைய நான்கு வாரம் வெளியே வைக்கலாம். ஆனால் ஸ்ட்ரிப்பையும் கருவியையும் ஐஸ் பெட்டியில் வைப்பது நல்லதல்ல. வெளியே எடுத்ததும் குளிர்ந்த தண்ணீர்ப் புட்டிமேல் வேர்ப்பதுபோல் அவற்றின்மேலும் ஈரம் படியும். அந்த ஈரம் ஸ்ட்ரிப்புக்கு வெயிலைப் போலவே கெடுதல்.

டப்பாவைத் திறந்த தேதியை அதன்மேல் பேனாவால் எழுதிவிடுங்கள். சில வகை ஸ்ட்ரிப்பைத் திறந்தபின் மூன்று மாதம், சிலவற்றை ஆறு மாதம், வேறு சிலவற்றைக் காலாவதித் தேதி வரை பயன்படுத்தலாம். எது என்று டப்பாவிலேயே இருக்கும்.

*வெளியே கொண்டு போகும்போது*

தைப்பூசத்துக்குப் பத்துமலை, உறவினர் கல்யாணத்துக்கு ஈப்போ, வேலைக்குத் துறைமுகம் என்று கருவியோடு கிளம்ப வேண்டியிருக்கும். சாப்பாடு கொண்டுபோகும் சிறிய குளிர்காப்புப் பை போதும். ஐஸ் பொட்டலம் வைத்தால் அதைத் துணியில் சுற்றி, ஸ்ட்ரிப் டப்பாவிலும் இன்சுலினிலும் நேராகப் படாதபடி நடுவில் இன்னொரு துணி வைக்க வேண்டும். ஸ்ட்ரிப் டப்பாவைக் கூடுதலாக ஓர் இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டால் ஈரம் தாக்காது.

ஈரத்துணி சுற்றிய மண்பானை முறை வறண்ட ஊர்களில் நன்றாகக் குளிர்ச்சி தரும். நம் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் இங்கே தண்ணீர் எளிதில் ஆவியாகாது, குளிர்ச்சியும் அவ்வளவு கிடைக்காது.

பையை எப்போதும் நம்மோடு எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். காரில் விட்டுப் போகக் கூடாது. கருவி சூடாகவோ மிகக் குளிர்ச்சியாகவோ இருந்தால், ஸ்ட்ரிப் டப்பாவைத் திறக்காமலேயே 20 முதல் 30 நிமிடம் அறையில் வைத்துவிட்டு, கையைத் தண்ணீரில் கழுவித் துடைத்து, பிறகு சோதிக்க வேண்டும். மாம்பழம் உரித்த கையில் குத்தினால் பழத்தின் சீனியும் கணக்கில் சேரும்.

*சந்தேகம் வந்தால் எப்படிச் சோதிப்பது?*

ஒன்று, கட்டுப்பாட்டுத் திரவம். சீனி அளவு முன்பே தெரிந்த ஒரு திரவம் அது. இரத்தத்துக்குப் பதில் அதை ஒரு சொட்டு ஸ்ட்ரிப்பில் விட்டால், டப்பாவில் அச்சிட்டுள்ள எண்களுக்கு இடையில் முடிவு வர வேண்டும். வரவில்லை என்றால் ஸ்ட்ரிப்பை மாற்றிப் பார்க்க வேண்டும். உங்கள் கருவிக்கு உரிய திரவத்தை மருந்தகத்தில் கேட்டு வாங்கலாம்.

இரண்டு, அரசாங்கக் கிளினிக்கில் வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கும் நாளில் உங்கள் கருவியையும் கொண்டு போங்கள். கையில் இரத்தம் எடுத்த ஐந்து நிமிடத்துக்குள் உங்கள் கருவியிலும் ஒரு முறை பார்த்து, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வுக்கூட முடிவு வந்ததும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் 15 விழுக்காட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. வெறும் வயிறு என்பது முக்கியம். சாப்பிட்டபின் விரல் இரத்தத்துக்கும் கை நரம்பு இரத்தத்துக்கும் இயல்பாகவே அளவு வேறுபடும். பிரஷர் கருவியையும் அப்படியே கிளினிக் கருவியோடு ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மூன்று, உடம்பு சொல்வதைக் கேளுங்கள். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி இருந்து கருவி நல்ல எண்ணைக் காட்டினால், எண்ணை நம்பிக் காத்திருக்காதீர்கள். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து வேறு ஸ்ட்ரிப்பில், முடிந்தால் வேறு கருவியில் பாருங்கள். அதற்குள் வண்டி ஓட்ட வேண்டாம். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 999க்கு அழையுங்கள்.

*பிள்ளைகளுக்கு ஒரு வேலை*

அம்மா அப்பாவுக்குக் கருவி வாங்கிக் கொடுத்ததோடு நம் வேலை முடியவில்லை. அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது ஸ்ட்ரிப் டப்பா எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வெப்பமானிப் படத்துக்குப் பக்கத்தில் உள்ள எண்களைப் படித்து, தடித்த பேனாவில் தமிழில் ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டுங்கள். 'வெயில் படக் கூடாது. மூடியை உடனே மூடவும். இந்தத் தேதிக்குப் பிறகு வேண்டாம்.' மூன்று வரி போதும்.

மாமாவின் டப்பா இப்போது லோரியில் இல்லை. வீட்டு நடு அறையில், அத்தையின் சேலை அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. காலையில் வீட்டிலேயே பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார். வழியில் தேவைப்பட்டால் என்று ஒரு சிறு காப்புப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறார். டாக்டர் மருந்தை மாற்றியிருக்கிறார். நோட்டுப் புத்தகத்தில் புதுப் பக்கம் தொடங்கியிருக்கிறது. முதல் வாரத்தில் 12, 11.4, 11.8 என்று வந்த எண்களைப் பார்த்து அத்தைக்கு அழுகையே வந்துவிட்டது.

"அழாதே, இதாவது உண்மை," என்றார் மாமா. போன வாரம் எழுதிய எண் 8.3.